குறுக்கும் நெடுக்கும்: குறுக்கீடு என்னும் சொல்லின் வரலாறு

குறுக்கீடு என்னும் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சொற்சுவை அறிந்த அன்பரே. முதல் இரண்டு எழுத்தும் குறிலாய் விரைந்து ஓட, ககர ஒற்று அந்த ஓட்டத்தைச் சட்டென்று பிடித்து நிறுத்த, அதன்மேல் ஈகாரம் ஏறி நெடிதாய் நின்று, பின் டுகரத்தில் ஓசை தணிந்து இறங்குகிறது. அசை பிரித்தால் நிரை, நேர், நேர்; புளிமாங்காய்ச் சீர். கணினித் தமிழில் இச்சொல் இன்று சுமந்து நிற்கும் பொருளும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் செயலி, வெளியிலுள்ள ஒரு கருவி எழுப்பும் மின்குறிப்பைக் கேட்டு, செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, அக்கருவி வேண்டிய பணியைச் செய்து முடித்து, விட்ட இடத்துக்கே திரும்புகிறது. ஆங்கிலம் இதனை இன்டரப்ட் என்கிறது. நம்மவர் குறுக்கீடு என்றும் இடைமறிப்பு என்றும் வழங்குகின்றனர். இரண்டில் குறுக்கீடே பொருளுக்கு நெருங்கிய சொல் என்பது என் துணிபு; அதைக் காட்டுவதற்கு வேரிலிருந்து தொடங்க வேண்டும்.

குறுமைப் பண்பின் அடி குறு. குறில், குறள், குறுந்தொகை, குற்றியலுகரம், மகரக்குறுக்கம் என இலக்கணத்திலும் இலக்கியத்திலும் இந்த அடி எங்கும் வேரோடியிருக்கிறது. குறுகு தன்வினை; குறுக்கு பிறவினை. அந்தக் குறுக்கு பெயராகவும் நின்று, ‘ஊடே செல்லும் திசை’ என்னும் பொருளைப் பெற்ற வழி மிக அழகானது. நீளமும் அகலமும் உடைய எதிலும் நெடிய பக்கம் நெடுக்கு, குறுகிய பக்கம் குறுக்கு. நெடு, குறு என்னும் இரண்டு பண்படிகளே க்கு என்னும் ஒரே ஈற்றைப் பெற்று இணைபிரியாத திசைப்பெயர்கள் ஆயின. தெரு நெடுக நடப்பவனுக்கு அத்தெருவின் குறுகிய அளவு வழியாக வருபவன் குறுக்கே வருபவன். அளவைச் சொன்ன சொல் இவ்வாறு திசையைச் சொல்லத் தொடங்கியது. குறுக்குவழி என்னும் தொடரில் மட்டும் இரு பொருளும் இன்னும் பிரியாமல் நிற்கின்றன: அது ஊடே செல்வதும் ஆம், குறுகியதும் ஆம். நெல்லைச் சீமையில் ‘குறுக்கு வலிக்கு’ என்றால் இடுப்பு வலிக்கிறது என்று பொருள். நெடிய உடலுக்குக் குறுக்காக அமைந்த இடம் இடுப்பு. வட்டார வழக்கு வேர்ப்பொருளை விடாமல் காத்து வைத்திருக்கிறது.

ஓர் ஊர்ப்பெயரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று. யோகத்தில் ஆழ்ந்திருந்த இறைவன்மேல் காமன் கணை தொடுத்து எரிந்துபோன இடம் அதுவே என்பது மரபு. இதனினும் புகழ்பெற்ற குறுக்கீடு நம் புராணங்களில் வேறில்லை. ஆயினும் ஊர்ப்பெயரை அந்நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. நீண்ட கையுடைய முனிவர் ஒருவரின் கை அங்கே குறுகியதால் குறுங்கை, குறுக்கை என்று தலபுராணம் காரணம் கூறுகிறது. வேர் அதே குறு, கிளை வேறு. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகப் பொருளையும் ஒட்டிவிடாத பொறுமைதான் சொல்லாராய்ச்சிக்கு முதல் தேவை.

இனி ஈடு. இடு என்னும் முதனிலை திரிந்து ஈடு ஆனது. படு பாடாகவும், சுடு சூடாகவும், கெடு கேடாகவும், பெறு பேறாகவும் ஆனது போல. குறுக்கு என்பதன் ஈற்றில் நின்ற குற்றியலுகரம் உயிர் வரக் கண்டதும் மெய்யை விட்டு அகல, அந்த இடத்தில் இடு வந்து அமர்ந்து குறுக்கிடு என்னும் வினை பிறக்கிறது. ஈடு வந்து அமர்ந்து குறுக்கீடு என்னும் பெயர் பிறக்கிறது. வினை முழுக்கக் குறிலாய் ஓடுகிறது, பெயர் நடுவில் நெடிலாய் நிற்கிறது. குறுகிய உகரம் விலகித்தான் நெடிய ஈகாரத்துக்கு இடம் கொடுக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இடுதல் என்றால் வைத்தல், போடுதல். கோலம் இடுகிறோம், பெயர் இடுகிறோம், வித்து இடுகிறோம். ஈடு தனியே நின்று ஒப்பு, அடகு, மாற்றுப்பொருள் என்று பல பொருள் தரும். திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன உரைக்கும் ஈடு என்றே பெயர். கூட்டுச்சொல்லின் இறுதியில் வரும்போது அது வைத்தல் தொழிலுக்குத் திரும்பிவிடுகிறது: முதலீடு, மதிப்பீடு, ஒதுக்கீடு, குறியீடு, தலையீடு. இந்த வரிசையில்தான் கணினித்துறையின் உள்ளீடும் வெளியீடும் வந்து சேர்ந்தன. உள்ளீடு பழைய சொல். உள்ளே இருக்கும் சதைப்பற்றையும் சாரத்தையும் குறித்தது, ‘உள்ளீடற்ற மூங்கில்’ என்று இன்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் இன்புட், அவுட்புட் என்னும் இரண்டும் புட் என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூன்றாவதாகிய இன்டரப்ட் வேற்று வீட்டிலிருந்து வந்தது. தமிழில் மூன்றும் உடன்பிறந்தவை. உள்ளீடு உள்ளே இடுவது, வெளியீடு வெளியே இடுவது, குறுக்கீடு குறுக்கே இடுவது. ஒரு பொறியின் வாயில் நடக்கும் மூன்று நிகழ்ச்சிகளை ஒரே வினையடியால் சொல்லும் வாய்ப்பு நமக்குத் தானாகக் கிடைத்திருக்கிறது.

அந்த வேற்று வீட்டையும் பார்த்துவிடுவோம். இலத்தீனில் இன்டர் என்றால் இடையே. ரும்பெரே என்றால் உடைத்தல், பிளத்தல். ரப்சர், கரப்ட், அப்ரப்ட், பேங்க்ரப்ட் எல்லாம் அந்த உடைவின் வழிவந்தவை. வடமொழியின் லுப் என்னும் அடியையும் இதற்கு உறவாக மொழிநூலார் கருதுவர். அதிலிருந்து பிறந்த லோபம்தான் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றனுள் கெடுதலைக் குறிக்க உலோபம் என்று தமிழ் இலக்கண உரைகளில் நுழைந்தது. செருமானியரும் தங்கள் சொல்லை உன்டர்பிரெஹுங் என்று உடைத்தல் வினையிலிருந்தே ஆக்கிக்கொண்டனர். ஆக ஐரோப்பிய மொழிகளில் இந்நிகழ்ச்சி ஓர் உடைவு. தமிழில் இதற்கு உறுப்புக்கு உறுப்பு நேரான சொல் இல்லாமலில்லை: இடை, அறு. இடையறவு, இடையறாத, இடையறாது என்று நாள்தோறும் எழுதுகிறோம். கலைச்சொல் ஆக்கியவர்கள் கையருகே அது கிடந்தும் அதை எடுக்காமல் குறுக்கே வைத்தலை எடுத்தார்கள். அது பொருத்தமான தேர்வு. ஏனென்றால் பொறிக்குள் எதுவும் அறுவதில்லை.

பொறியின் கதை 1950-களில் தொடங்குகிறது. அதற்கு முன்பு, ஒரு கருவி தன் வேலையை முடித்ததா என்று அறியச் செயலியே மீண்டும் மீண்டும் சென்று பார்க்க வேண்டியிருந்தது. இந்த முறைக்கு ஆங்கிலம் வைத்த பெயர் போலிங். போல் என்பது இடைக்கால ஆங்கிலத்தில் தலை. தலை எண்ணுவது முதற்பொருள், வாக்கெடுப்பு வழிப்பொருள், கருவிகளை ஒவ்வொன்றாய் விசாரிப்பது கடைசிப் பொருள். ஊர்த்திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கும் நமக்கு இந்தப் பொருள்மாற்றம் எளிதில் விளங்கும். சிலர் போலிங் என்பதை வாக்கெடுப்பு என்றே மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அங்கே வாக்கு எதுவும் இல்லை, தலை எண்ணல் மட்டுமே. ஆயிரம் முறை கேட்டு ஒருமுறை ‘ஆம்’ பெறும் அந்த வீணலைச்சலை நீக்கத்தான், கருவியே வாய் திறக்கட்டும் என்னும் எண்ணம் பிறந்தது. அமெரிக்கத் தேசிய அளவைகள் நிறுவனம் 1954-இல் உருவாக்கிய டிசியாக் என்னும் கணினி, உள்ளீட்டு வெளியீட்டுக் கருவியின் குறிப்பு வந்ததும் ஓர் ஆணைச்சுட்டியிலிருந்து மற்றோர் ஆணைச்சுட்டிக்கு மாறிக்கொண்டது. சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்கதாய் அமைந்த கணினி அது. சற்றுப் பின் வந்த யூனிவாக் 1103ஏ, காற்றுச் சுரங்க ஆய்வில் வந்து குவியும் அளவீடுகளைக் குறுக்கீட்டால் வாங்கிக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் வேறு கணக்குப் போட்டது.

நெதர்லாந்தில் எலெக்ட்ரோலாஜிகா எக்ஸ்1 கணினி உருவானபோது, அதை வடிவமைத்த லூப்ஸ்டிராவும் ஸ்கோல்டனும் அதில் குறுக்கீட்டு வசதியை வைக்க விரும்பினர். அதற்கு நிரல் எழுத வேண்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவருக்கு அந்த யோசனை அச்சம் தந்தது. ஒரே நிரலை இருமுறை ஓட்டினால் இரண்டு முறையும் ஒரே வழியில்தான் ஓடும் என்பது அதுவரை நிரலாளரின் நம்பிக்கை; எந்த இரண்டு ஆணைகளுக்கு நடுவிலும் வெளியாள் நுழையலாம் என்றால் அந்த நம்பிக்கை போய்விடும், பிழை வந்தால் அதை மீண்டும் வரவழைத்துப் பார்க்கவும் இயலாது. பின்னர் அவர் இணங்கி, அந்நிரலை எழுதி, அதுபற்றியே 1959-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் அளித்தார். அவர் கண்ட தீர்வின் உள்ளீடு இதுதான்: வந்தவன் போகும்போது, வருவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இன்று நம் சலவைப்பொறியிலும் வண்டியின் நிறுத்துபொறியிலும் உட்பொதிந்திருக்கும் சிறுசெயலிகளில் பெருவழக்காயுள்ள ஆர்ம் கார்டெக்ஸ் எம்3 இந்த நெறியை வன்பொருளிலேயே செதுக்கி வைத்திருக்கிறது. குறுக்கீடு வந்ததும், நிரல் எதுவும் சொல்லாமலே, செயலி எட்டுச் சொற்களை நினைவக அடுக்கில் தானே எடுத்து வைக்கிறது: பொதுப் பதிவகங்கள் ஐந்து, திரும்புவழிப் பதிவகம் ஒன்று, விட்ட இடத்தின் முகவரி, நிலைப்பதிவகம். நினைவகம் காக்க வைக்காவிட்டால் 12 துடிப்புகளுக்குள் கையாளியின் வாயிலில் நிற்கிறது. பணி முடிந்தால் எட்டும் அதனதன் இடத்துக்குத் திரும்புகின்றன. ஒரு கையாளி முடியும் தருணத்தில் இன்னொரு குறுக்கீடு காத்திருந்தால், எடுத்துவைத்த எட்டையும் மீட்டு மறுபடி அடுக்குவதில் பயனில்லை என்று அறிந்து, அவற்றை அப்படியே விட்டுவிட்டு 6 துடிப்புகளில் அடுத்த கையாளிக்குத் தாவுகிறது. முதன்மை நிரலுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதன் இழை அறவில்லை. அதன் குறுக்கே ஒன்று இடப்பட்டு, பின் எடுக்கப்பட்டது.

இந்த இயல்புக்குத் தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. ‘வந்தாள் நேற்றுப் பெய்த மழையில் நனைந்த வள்ளி’ என்னும் தொடரில் வந்தாள் என்னும் முற்று, வள்ளி என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. நடுவில் நான்கு சொற்கள் வந்து நின்றும் அந்த முடிபு குலையவில்லை. இடைப்பிறவரல் என்கிறார் பவணந்தி முனிவர். அவர் அதற்கு இட்ட வரம்பு நுட்பமானது: இடையே வருவது ஏற்புடையதாக இருக்க வேண்டும், இல்லையேல் பொருள் பிறழும். குறுக்கீட்டுக் கையாளி எழுதுவோர் இன்று பின்பற்றும் விதிகள் அனைத்தும் இந்த ஏற்புடைமைக்குள் அடங்கும்: சுருக்கமாய் முடி, உறங்காதே, பிறர் பூட்டிய பொருளைத் திறக்கக் காத்து நிற்காதே, எடுத்ததை வைத்துவிட்டுப் போ. இடைப்பிறவரல் என்றே இன்டரப்டுக்குப் பெயரிட்டிருக்கலாம் என்று முதலில் எனக்கும் ஆசை எழுந்தது. ஆனால் அதில் வருவது தானாக வருவது; இங்கே ஒரு கருவி வலிந்து இடுகிறது. இடுபவன் ஒருவன் உண்டு என்பதை ஈடு சொல்லும், வரல் சொல்லாது.

போட்டிச் சொற்களை இப்போது தராசில் வைக்கலாம். இடையூறு எளிதில் தோற்கும். உறு திரிந்த ஊறு துன்பத்தைச் சுட்டுவது, விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டியதற்கு அத்தனை பெரிய வசை வேண்டாம். இடைமறிப்பில் மறி இருக்கிறது. மறித்தல் தடுத்துத் திருப்புதல், சாலைமறியல் அதன் உறவு. வழியில் மறித்தவன் போகவிடுவான் என்னும் உறுதி அச்சொல்லில் இல்லை. ஓர் உறையில் செல்லும் செய்தியை நடுவில் பறித்துப் படிக்கும் ஆங்கில இன்டர்செப்ட்டுக்கு அதை ஒதுக்கி வைப்பது நல்லது. உண்மையான போட்டி இடையீடு ஒன்றுதான். இலங்கை நாடாளுமன்றத்தின் அன்சார்ட் பதிவுகளில் ஓர் உறுப்பினர் பேசும்போது இன்னொருவர் குரல் எழுந்தால், பிறைவளைவுக்குள் ‘இடையீடு’ என்று அச்சிடுவது வழக்கம். அதே ஈடு, அதே இடுதல். யாப்பில் அடி விட்டு அடி வரும் எதுகையை இடையிட்டெதுகை என்ற பழைய வழக்கின் தொடர்ச்சி அது. இடையீடு என்பதில் இடைவெளிப் பொருள் மிகுந்து நிற்கிறது. குறுக்கீட்டில் நெடுக ஓடும் ஒன்றும் அதைக் கடந்து வரும் ஒன்றும் ஆக இரண்டும் கண்முன் தெரிகின்றன. வடமொழியின் வியவதானமும் தா என்னும் வைத்தல் வினையால் ஆனதே என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இடையே வைத்தலாக இதனைக் கண்ட மொழி தமிழ் ஒன்றே அன்று.

குறுக்கீட்டை ஏற்பாடு செய்யும் நிரலுக்குக் கருவி இயக்கி என்று பெயர். ஆங்கில டிரைவர் மாடு ஓட்டியவனிலிருந்து வண்டி ஓட்டுபவனாகிப் பின் கணினிக்குள் புகுந்தவன். நம் இயக்கி இயக்கு என்னும் பிறவினையோடு இகர ஈறு சேர்ந்த வினைமுதற்பெயர். இதே வடிவில் இன்னோர் இயக்கியும் தமிழில் உண்டு: சிலப்பதிகாரத்தில் ஆயர்குல மாதரி பால் படைத்து வழிபட்ட பூங்கண் இயக்கி, தென்மாவட்ட ஊர்ப்புறங்களில் இசக்கியம்மன் என்று இன்றும் வீற்றிருப்பவள். அவள் வடமொழி யட்சியின் தமிழ் வடிவம். வேரால் இந்த இயக்கிக்கு உறவில்லை. ஆயினும் யூனிக்ஸ் மரபினர் பின்னணியில் ஓடும் நிரலுக்குக் கிரேக்கத் தெய்வக் கணத்தின் பெயராகிய டீமன் என்று இட்டிருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல் கருவியைக் காத்து நிற்கும் நிரலுக்கு நம் மொழியில் ஒரு காவல்தெய்வத்தின் பெயர் தற்செயலாய் அமைந்ததை வியக்காமல் இருக்க முடியவில்லை.

லினக்ஸ் இயக்குதளத்தில் ஓர் இயக்கி குறுக்கீட்டுத் தடத்தைப் பெறுவதற்கு அழைக்கும் செயற்கூற்றின் பெயர் ரிக்வெஸ்ட்-ஐஆர்க்யூ. இந்தப் பெயருக்குள் வேண்டுதல் இருமுறை ஒளிந்திருக்கிறது. ஐஆர்க்யூ என்பதே இன்டரப்ட் ரிக்வெஸ்ட் என்பதன் சுருக்கம். அது கருவி செயலியிடம் வேண்டுவது. முன்னால் நிற்கும் ரிக்வெஸ்ட்டோ இயக்கி உட்கருவிடம் வேண்டுவது. வேண்டுவோர் வேறு, வேண்டப்படுவோர் வேறு, சொல் ஒன்று. தொல்காப்பியர் இரத்தற் சொற்களை ஈ, தா, கொடு என்று மூன்றாக்கி, இழிந்தோன் கேட்பதற்கு ஒன்று, ஒப்போன் கேட்பதற்கு ஒன்று, உயர்ந்தோன் கேட்பதற்கு ஒன்று என்று வகுத்தார். அந்தக் கண்ணோடு பார்த்தால், உட்கருவிடம் தடம் கேட்கும் இயக்கியின் குரல் ஈ. மறுக்கப்படலாம் என்று அறிந்தே கேட்பது. தடத்தை வேறோர் இயக்கி பகிர மறுத்து வைத்திருந்தால் விடை குறை 16, ‘இடமில்லை, வேலையாயிருக்கிறது’ என்று பொருள். கருவியின் குரலோ கொடு என்பதற்கு அருகில் வரும். செயலி தானே செவியை மூடியிருந்தாலன்றி அதைத் தள்ள இயலாது. செவியை மூடுவதற்கு ஆங்கிலம் மாஸ்க் என்னும் முகமூடியைச் சொல்கிறது. மறைப்பு என்று நாம் சொல்வதே போதும்.

அச்செயற்கூறு ஐந்து பொருள்களைக் கேட்கிறது: தடத்தின் எண், கையாளி, கொடிகள், ஒரு பெயர், கருவியின் அடையாளம். எண் என்றவுடன் அது ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். உட்பொதி கணினியில் எந்தக் கருவி எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதைக் கருவிமரம் என்னும் விவரக் கோப்பு சொல்கிறது. ஆர்ம் செயலிகளின் குறுக்கீட்டு மேலாளியில் முதல் 32 எண்களும் செயலிகளின் உட்பயனுக்கு ஒதுக்கப்பட்டவை. ஆகவே கருவிமரத்தில் 29 என்று எழுதிய வெளிக்கம்பி மேலாளிக்கு 61. லினக்ஸ் அதற்குத் தன் கணக்கில் மூன்றாவதாக ஓர் எண்ணைத் தருகிறது, இயக்கி கையில் வாங்குவது அதைத்தான். பிறந்த வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று, ஊரில் ஒன்று என்று பெயர் மாறும் பிள்ளையைப் போலத்தான் அந்தக் கம்பியும். நிலையாய் நிற்பது இயக்கி தானே விரும்பி இட்ட பெயர். புராக் அடைவின் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால் எத்தனை முறை குறுக்கிட்டது என்னும் கணக்கின் கடைசியில் அந்தப் பெயரே நிற்கும்.

கையாளியின் முகவரி எங்கே என்று காட்டும் பட்டியலை வெக்டர் அட்டவணை என்பர். வெக்டர் இலத்தீனில் சுமப்பவன். தமிழகத்துப் பாடநூல்கள் கணிதத்தில் இதனை வெக்டர் என்றே எழுத, ஈழத்தார் காவி என்று அருமையாய்ப் பெயரிட்டிருக்கின்றனர். காவு சுமத்தல், தோளில் சுமக்கும் காவடி அதன் வழி வந்தது, நோய் பரப்பும் கொசுவையும் அவர்கள் நோய்க்காவி என்பர். முகவரியைச் சுமந்து நிற்கும் அட்டவணைக்குக் காவி அட்டவணை என்பது இலத்தீனுக்கும் பொருளுக்கும் ஒருசேர இசைகிறது. திசையைச் சுட்டும் திசையன் இங்கே பொருந்தாது, ஏனெனில் இங்கே திசை இல்லை, சுமை உண்டு.

கொடிகளில் விளிம்பும் நிலையும் உண்டு. மின்னழுத்தம் ஏறும் அல்லது இறங்கும் கணத்தை மட்டும் கேட்பது விளிம்பு. அழுத்தம் ஒரு நிலையில் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது நிலை. நம் வினையில் ‘அழைத்தான்’ என்பதற்கும் ‘அழைத்துக்கொண்டே இருக்கிறான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. இதில் தவறினால் இயக்கி படும் பாடு பெரிது: விளிம்பை நிலையாக எண்ணினால் குறிப்பு நழுவிப்போகும், நிலைக் குறுக்கீட்டில் கருவியின் குறிப்பைத் தணிக்காமலே திரும்பினால், செயலி வெளியே வந்த மறுகணமே உள்ளே இழுக்கப்படும். வரிசையும் இங்கே உயிர்நாடி. தடம் பகிரப்பட்டதாயின், கேட்டுப் பெற்ற அந்த நொடியிலேயே அண்டைக் கருவியின் குறுக்கீடு நம் கையாளியை எழுப்பக்கூடும். ஆகவே கையாளி தொடப்போகும் எல்லாவற்றையும் அமைத்த பின்னரே தடத்தைக் கேட்க வேண்டும், தடம் கிடைத்த பின்னரே கருவியின் வாயைத் திறக்க வேண்டும். விடைபெறும்போது தலைகீழ்: முதலில் கருவியை அடக்கி, பிறகு தடத்தை விடுவித்து, கடைசியில் நினைவகத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கையாளி நெடுநேரம் நிற்கக் கூடாது என்பதால் வேலையை இரண்டாகப் பிரிப்பது லினக்ஸ் மரபு: மேற்பாதி, கீழ்ப்பாதி. மேற்பாதி குறிப்பை ஒப்புக்கொண்டு உடனே விலகும்; கீழ்ப்பாதி நிதானமாய் மீதியைச் செய்யும். 2009-இல் வந்த 2.6.30 பதிப்பிலிருந்து, உறங்கவும் உரிமையுள்ள தனி இழையில் இந்த மீதியை ஓட்டவும் வழியுண்டு. இரண்டும் அளவில் சமமில்லையே, பாதி என்னலாமா என்று ஆங்கிலம் பயில்வோர் வினவுவதுண்டு. தமிழில் அந்த வினாவுக்கு இடமில்லை. பகு என்னும் வேரில் பகுதி, பால், பாத்தி, பாதி எல்லாம் கிளைத்தன. பாதி அடிப்படையில் பகுக்கப்பட்ட கூறு, சரிபாதி என்று அடைகொடுத்தால்தான் சமம்.

தடத்தைப் பகிரும் கையாளிகள் தம் வேலையன்று என்று கண்டால் ‘இல்லை’ என்று விடை தர வேண்டும். எல்லாரும் இல்லை என்றால்? ஒரு தடத்தில் 1,00,000 குறுக்கீடுகளைக் கணக்கெடுத்து, அவற்றுள் 99,900-க்கு மேல் யாரும் உரிமை கொண்டாடாதிருந்தால், உட்கரு அத்தடத்தையே அடைத்துவிட்டு ‘நோபடி கேர்ட்’ என்று ஒரு வரி எழுதுகிறது. இதைத் தமிழில் சொல்ல எனக்கு ஒரு கணமும் தயங்க நேரவில்லை: கேட்பாரற்றது. கேட்டல் நமக்குச் செவியால் கேட்டலும் ஆம், நலம் விசாரித்தலும் ஆம். கருவி குரல் எழுப்பியது, செவி கொடுத்தவர் இல்லை, விசாரித்தவரும் இல்லை. ஆங்கில வரியில் அக்கறை மட்டும் இருக்க, தமிழ்ச் சொல்லில் செவியும் அக்கறையும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்த வரியின் தொடர்ச்சியில் உட்கரு ஓர் அறிவுரையும் தருகிறது: ஐஆர்க்யூபோல் என்னும் தெரிவோடு கணினியை மீண்டும் தொடங்கிப் பாருங்கள் என்று. அப்படித் தொடங்கினால், உரிமையற்ற குறுக்கீடு வரும்போதெல்லாம், கடிகாரம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் கூட, அது பதிவாகியுள்ள கையாளிகளை எல்லாம் ஒவ்வொன்றாய் எழுப்பி ‘உன்னுடையதா’ என்று விசாரிக்கும். குறுக்கீட்டு வேண்டுகை என்னும் ஐஆர்க்யூவும் பழைய தலை எண்ணலாகிய போலும் ஒட்டிப் பிறந்த அந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. தலைவிசாரிப்பு என்று நான் எழுதி வருகிறேன். இதைவிட நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் அதையே எடுத்துக்கொள்ள ஆயத்தமாயிருக்கிறேன்.